சிம்ப்சன் பாலைவனத்தைக் கடக்கத் தயாராவது எப்படி? ஃபோர்வீல் வண்டிக்கும் பைக்குக்கும் முழுமையான வழிகாட்டி

ஆஸ்திரேலியாவின் நடுவே, வடக்குப் பிரதேசமும் தெற்கு ஆஸ்திரேலியாவும் குயின்ஸ்லாந்தும் சந்திக்கும் இடத்தில் 1,70,000 சதுர கி.மீ.க்கு மேல் விரிந்து கிடக்கிறது சிம்ப்சன் பாலைவனம். ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் 1,100க்கும் மேற்பட்ட மணல்மேடுகள் அதில் இருக்கின்றன. மேற்கு ஓரத்தில் மவுண்ட் டேர், கிழக்கு ஓரத்தில் பேர்ட்ஸ்வில். நடுவில் 500 கி.மீ. சொச்சத்துக்குப் பெட்ரோல் பங்க், கடை, கைபேசி சிக்னல் எதுவும் கிடையாது. மண்ணின் நிறம் மட்டும் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டை அப்படியே எடுத்துப் போட்டது போலிருக்கும்.

மெல்போர்னிலோ அடிலெய்டிலோ ஃபோர்வீல் வண்டி வாங்கிய நம் ஆட்கள் பலருக்கு இந்தப் பயணம் ஒரு கனவு. மணலில் ஓட்டத் தெரியுமா என்றுதான் முதலில் கவலைப்படுகிறார்கள். ஓட்டுவதை முதல் நூறு மேடுகளே கற்றுக்கொடுத்துவிடும். வீட்டு வாசலில் போடவேண்டிய கணக்கை அங்கே போய்ப் போட முடியாது. டீசல், தண்ணீர், எடை, டயர்க் காற்று நான்கும் ஒன்றையொன்று இழுக்கும். பாதுகாப்புக்கென்று ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் வண்டியை மணலில் அமிழ்த்தும். அமிழ்ந்த வண்டி இன்னும் டீசல் குடிக்கும். இந்த வழிகாட்டியில் பாதி அந்தக் கணக்கைப் பற்றியதுதான்.

1. காலமும் அனுமதியும்

டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை, இந்தப் பாதை கடக்கும் தேசியப் பூங்கா மூடியிருக்கும். கோடையில் நிழலிலேயே 45 டிகிரியைத் தாண்டும். அப்போது வண்டி பழுதானால் மீட்பவர்களுக்கும் உயிராபத்து என்பதால்தான் மூடுகிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல காலம். பகல் இதமாக இருக்கும். இரவில் பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும். பாலைவனம்தானே என்று மெல்லிய போர்வையோடு போனால் இரவெல்லாம் பல் கிட்டும்.

தெற்கு ஆஸ்திரேலியப் பகுதிக்கு ‘டெசர்ட் பார்க்ஸ் பாஸ்’ வாங்க வேண்டும். குயின்ஸ்லாந்துப் பகுதியில் இரவு தங்கத் தனி முகாம் அனுமதி வேண்டும். இரண்டையும் கிளம்புமுன்பே இணையத்தில் எடுத்துவிடுங்கள். மழை பெய்தால் களிமண் தரைகள் வழுக்குப் பாறை போலாகி, சாலைகளை மூடிவிடுவார்கள். மூடிய சாலையில் ஓட்டினால் பெரிய அபராதம் உண்டு. பயணத்துக்கு முந்தைய நாள் வரை சாலை அறிக்கையைப் பார்த்துக்கொண்டே இருங்கள். கிழக்குப் பக்கம் ஐர் க்ரீக் ஓடையில் வெள்ளம் வந்தால் சுற்றிப்போக வேண்டியிருக்கும். அந்தச் சுற்றுக்கும் டீசல் வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து வாடகை வண்டியில் போகலாம் என்று நினைப்பவர்கள் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள். பெரும்பாலான வாடகை நிறுவனங்கள் இந்தப் பாதையை அனுமதிப்பதில்லை. மீறிப் போனால் காப்பீடு செல்லாது.

2. எந்தப் பாதை, எந்தத் திசை

1960களில் எண்ணெய் தேடி வந்த பிரெஞ்சு நிறுவனம் மேடுகளை நேர்குறுக்காக வெட்டிப் போட்ட தடம்தான் ‘பிரெஞ்ச் லைன்’. தூரம் குறைவு, மேடுகள் அதிகம், குலுக்கல் மிக அதிகம். கனரக வண்டிகளுக்காகக் களிமண் பூசிப் போட்ட ‘ரிக் ரோடு’ தெற்கே சுற்றிப் போகும். ஏற்றம் சுலபம், தூரம் கூடுதல். அந்தக் களிமண் பூச்சும் இப்போது பல இடங்களில் பெயர்ந்துவிட்டது.

முதல்முறை போகிறவர்கள் மேற்கிலிருந்து கிழக்கே போங்கள். மேடுகளின் மேற்குச் சரிவு சாய்வானது, கிழக்குச் சரிவு செங்குத்து. காற்று அள்ளிவரும் இளமணல் கிழக்குப் பக்கம்தான் குவியும். இன்னொரு லாபமும் உண்டு. மேற்கே மேடுகள் தாழ்வாகவும் நெருக்கமாகவும் இருக்கும். கிழக்கே போகப்போக உயரம் கூடும், இடைவெளியும் கூடும். சிறிய மேடுகளில் பழகி, வண்டியில் எடையும் குறைந்த பிறகு பெரியவற்றைச் சந்திக்கலாம். பேர்ட்ஸ்வில்லுக்குச் சற்று முன்னால் நிற்கும் ‘பிக் ரெட்’ சுமார் 40 மீட்டர் உயரம்.

வழக்கமான வழி இது: மவுண்ட் டேர், டல்ஹவுசி வெந்நீர் ஊற்று, பர்னி போர், பிரெஞ்ச் லைன், மூன்று எல்லைகள் கூடும் பாப்பல் கார்னர், க்யூஏஏ லைன் என்ற தடம், பேர்ட்ஸ்வில். மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஐந்து என்றே திட்டமிடுங்கள். அவசரப்படுத்தும் விமான டிக்கெட் கையில் இருக்கிறவர் அவசரப்பட்டு ஓட்டுவார்.

3. கணக்கு

ஒரு டீசல் வண்டி சுமையோடு நெடுஞ்சாலையில் 100 கி.மீ.க்கு 12 லிட்டர் குடிக்கிறது என்று வையுங்கள். மணலில், தாழ்ந்த கியரில், அது 18 ஆகும். 520 கி.மீ.க்குக் கிட்டத்தட்ட 94 லிட்டர். ஏற முடியாமல் பின்வாங்கித் திரும்ப ஏறுவது, வெள்ளத்தால் சுற்றுவது, இன்னொரு வண்டியை இழுப்பது என்று பாதியளவு சேருங்கள். 140 லிட்டர் வருகிறது. அனுபவப்பட்டவர்கள் டீசல் வண்டிக்குச் சொல்லும் எண்ணும் ஏறக்குறைய இதுதான். பெட்ரோல் வண்டிக்கு 200 லிட்டர் வரை சொல்வார்கள்.

தண்ணீர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 7 முதல் 10 லிட்டர். ஐந்து நாள் பயணத்தோடு, மாட்டிக்கொண்டால் காத்திருக்க இன்னும் ஒரு வாரம்: மொத்தம் 12 நாள். இரண்டு பேருக்கு ஏழு லிட்டர் வீதம் போட்டாலும் 168 லிட்டர், அதாவது 168 கிலோ. 140 லிட்டர் டீசல் ஏறக்குறைய 118 கிலோ. இன்னும் ஆட்கள் ஏறவில்லை. கூடாரமும் உணவும் கருவிகளும் இரண்டாவது உதிரிச் சக்கரமும் பாக்கி. வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைப் பலர் இங்கேயே தாண்டிவிடுகிறார்கள். தாண்டினால் ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சேஸி என்று ஏதாவது ஒன்று பாதிவழியில் கணக்குக் கேட்கும்.

எல்லாவற்றையும் ஏற்றிய பிறகு எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். அதிகமாக இருந்தால் தண்ணீரிலும் டீசலிலும் கை வைக்காதீர்கள். மடக்கு மேசை, இரண்டாவது அடுப்பு, ‘இருக்கட்டுமே’ என்று போட்ட பெட்டி ஆகியவை இறங்கட்டும். கூரைமேல் கனமான எதையும் கட்டாதீர்கள். மேட்டின் பக்கச் சரிவில் வண்டி கவிழ அதுவே காரணமாகும். தண்ணீரை ஒரே தொட்டியில் வைக்காமல் நாலைந்து கேன்களில் பிரித்து வையுங்கள். ஒன்று ஓட்டையானால் மற்றது இருக்கும்.

சாப்பாட்டில் நம் சமையல் பழக்கம் ஒன்றை மாற்றிக்கொள்ள வேண்டும். அரிசியைக் களைந்து, வடித்து, குக்கரைக் கழுவுவதற்குள் நாலைந்து லிட்டர் போய்விடும். அவல், ரவை, புளிக்காய்ச்சல், சப்பாத்தி, பருப்புப் பொடி இவற்றை வைத்தே ஐந்து நாளை நன்றாக ஓட்டலாம். தட்டை முதலில் காகிதத்தால் துடைத்துவிட்டு, பிறகு துளித் தண்ணீர்.

பின்னால் டிரெய்லர் இழுப்பதை விட்டுவிடுங்கள். பூங்கா நிர்வாகமும் அதை வேண்டாம் என்கிறது. டிரெய்லர் வண்டியைப் பின்னுக்கு இழுக்க, சக்கரம் சுழன்று மேட்டில் குழி குழியாகத் தோண்டும். பின்னால் வருகிற எல்லாரும் அந்தக் குழிகளில் குதிக்க வேண்டும்.

4. வண்டியைத் தயார்செய்தல்

சர்வீஸை முந்தின வாரம் செய்யாதீர்கள். ஒரு மாதம் முன்பே செய்து, பிறகு குறைந்தது 500 கி.மீ. ஓட்டிப் பாருங்கள். புதிதாகப் போட்ட பாகத்தின் குறை அந்த ஓட்டத்திலேயே வெளிப்பட்டுவிடும். ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட், வீல் பேரிங், சஸ்பென்ஷன் புஷ், பேட்டரி பிடிப்பு ஆகியவற்றைத் தனியாகப் பார்க்கச் சொல்லுங்கள். மேடுகளை அடைவதற்கு முன்பே நூற்றுக்கணக்கான கி.மீ. அலை அலையான மண்சாலை இருக்கிறது. அந்த அதிர்வில் கழலாத போல்ட்டே இல்லை. முக்கிய போல்ட்களில் பெயின்ட் கோடு இழுத்துவிட்டால் தினமும் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

டயர் கடினமான பக்கச் சுவர் கொண்ட ‘எல்டி’ (லைட் டிரக்) ரகமாக இருக்கட்டும். இரண்டு உதிரி, பஞ்சர் கிட், நல்ல கம்ப்ரஸர், நம்பகமான காற்றுமானி வேண்டும்.

பலர் கேள்விப்படாத ஆபத்து ஒன்று உண்டு. ஸ்பினிஃபெக்ஸ் என்ற முட்புல் இங்கே தடத்தின் நடுவிலேயே வளர்ந்து நிற்கும். அதன் விதை ரேடியேட்டரை அடைக்கும், அது முதல் தொல்லை. காய்ந்த புல் வண்டியின் அடியில் எக்ஸாஸ்ட் குழாயோரம் சேர்ந்து தீப்பிடிப்பது அதைவிட மோசம். முழு வண்டிகளே இப்படி எரிந்திருக்கின்றன. முன்னால் நுண்வலை கட்டுங்கள். புல் அடர்ந்த நாட்களில் ஒவ்வொரு மணி நேரமும் குனிந்து அடியில் பார்த்து, வளைந்த கம்பியால் இழுத்துப் போடுங்கள். தீயணைப்பான் ஓட்டுநர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பெட்டிகளுக்கு அடியில் புதைந்திருந்தால் அதனால் பயனில்லை. உயரமான புல்லின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள்.

கொடிக் கம்பம் கட்டாயம். பளீர் நிறக் கொடி, தரையிலிருந்து குறைந்தது 3.5 மீட்டர் உயரத்தில் பறக்க வேண்டும். மேட்டின் உச்சியில் எதிரே வருகிறவரின் கொடிதான் முதலில் தெரியும். வண்டி தெரியும்போது நேரம் கடந்திருக்கும்.

5. பைக்கில் போகிறவர்களுக்கு

தனியாகப் போகாதீர்கள். துணைக்கு ஒரு ஃபோர்வீல் வண்டி இல்லாமலும் போகாதீர்கள். மணலில் 450 சிசி பைக் லிட்டருக்கு 13 கி.மீ. கொடுத்தால் 40 லிட்டர் பெட்ரோல் வேண்டும், 30 கிலோ. அதோடு தண்ணீர். இதையெல்லாம் பைக்கிலேயே கட்டினால் ஒவ்வொரு மேட்டிலும் விழுந்து எழுவதுதான் வேலையாக இருக்கும். துணைவண்டி தண்ணீரையும் பெட்ரோலையும் சுமக்கட்டும். பைக்கில் அன்றைய பெட்ரோல், முதுகில் மூன்று லிட்டர் தண்ணீர்ப்பை, கருவிகள், அபாயச் செய்தி அனுப்பும் பீக்கன் இவை மட்டும்.

பைக் தேர்வில் என் கருத்து கறாரானது: 200 கிலோவுக்கு மேற்பட்ட பெரிய அட்வெஞ்சர் பைக்கை வீட்டில் விட்டுவிடுங்கள். அதை ஓட்டிக் கடந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் கைத்திறன் வேறு. 400–500 சிசி டர்ட் பைக், பெரிய பிளாஸ்டிக் டேங்க், தடித்த டியூப், டயர் நழுவாமல் பிடிக்கும் ரிம் லாக், ரேடியேட்டர் ஃபேன் இருந்தால் போதும். எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டர்களை நாளுக்கு ஒன்று வீதம் பையில் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே உட்கார்ந்து கழுவத் தண்ணீர் கிடையாது. உதிரியாகக் கிளட்ச் பிளேட், கிளட்ச் மற்றும் பிரேக் லீவர்கள், செயின் லிங்க், ஸ்போக், முன்சக்கர டியூப்.

டயரில் 14 முதல் 18 பிஎஸ்ஐ. எழுந்து நின்று, உடம்பைச் சற்றுப் பின்னுக்குச் சாய்த்து, பார்வையைத் தொலைவில் வையுங்கள். முன்சக்கரம் ஆடும்போது கை தானாக ஆக்ஸிலரேட்டரை மூடப் பார்க்கும். மூடினால் முன்சக்கரம் புதையும், ஆள் பறப்பார். சீராகத் திறந்தே வையுங்கள். வீட்டருகே எங்காவது மணல் தேடிப் போய், இது உடம்பில் ஊறும்வரை பழகிய பிறகு வாருங்கள்.

பைக்குகள் துணைவண்டிக்கு முன்னால் போகட்டும். எதிர்வரும் வண்டிக்கு பைக் சத்தம் கேட்காது. அதனால் பைக்கிலும் கொடி இருக்க வேண்டும். எல்லா மேட்டு உச்சியிலும் இடது ஓரம்.

6. தொடர்புக் கருவிகள்

யுஎச்எஃப் ரேடியோ எல்லா வண்டியிலும் வேண்டும். சிம்ப்சனில் அலைவரிசை 10. ‘பிரெஞ்ச் லைனில் கிழக்கு நோக்கி மூன்று வண்டிகள்’ என்று அவ்வப்போது சொல்லிக்கொண்டே போனால், எதிரே வருகிறவர் மேட்டுக்குக் கீழேயே நின்று வழிவிடுவார்.

பீக்கன் எனப்படும் பிஎல்பி, 406 மெகாஹெர்ட்ஸில் செயற்கைக்கோளுக்கு அபாயச் செய்தி அனுப்பும். ஜிபிஎஸ் உள்ளதையே வாங்குங்கள். அது உங்கள் இடத்தை 120 மீட்டருக்குள் காட்டும். ஜிபிஎஸ் இல்லாததில் 5 கி.மீ. வரை பிசகும். ஆஸ்திரேலியக் கடல்சார் பாதுகாப்பு ஆணையத்தில் இலவசமாகப் பதிவு செய்து, பயண விவரத்தையும் சேர்த்துவிடுங்கள். பீக்கன் ‘ஆபத்து’ என்று மட்டுமே சொல்லும். ‘டிஃபரென்ஷியல் உடைந்தது, எல்லாரும் நலம், இழுவை வண்டி போதும்’ என்று சொல்ல சாட்டிலைட் போனோ செய்தி அனுப்பும் சாட்டிலைட் கருவியோ வேண்டும். இரண்டும் வேறு வேலை, இரண்டும் தேவை.

இதில் நம்மவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அரசு அனுமதியில்லாமல் சாட்டிலைட் போனை இந்தியாவுக்குள் கொண்டுபோவது குற்றம். செய்தி அனுப்பும் சாட்டிலைட் கருவிகளோடு வந்த வெளிநாட்டுப் பயணிகளையும் விமான நிலையங்களில் பிடித்திருக்கிறார்கள். பயணப் பையிலேயே கிடக்கும் கருவியை, ஊருக்குக் கிளம்புமுன் எடுத்து வைத்துவிடுங்கள்.

வீட்டில் ஒருவரிடம் பாதை, வண்டி எண்கள், பீக்கன் எண், முடியும் தேதி ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். எந்த நாள், எத்தனை மணிக்குள் அழைப்பு வராவிட்டால் காவல்துறைக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ‘ஒரு வாரத்தில் வந்துடுவோம்மா’ என்று சொல்லிவிட்டுப் போனால், அம்மா மூன்றாம் நாளே பதறுவார். அல்லது பத்தாம் நாள் வரை பொறுப்பார்.

7. மேடு ஏறுதல்

மணல் தொடங்கும் இடத்திலேயே காற்றை இறக்குங்கள். 18 பிஎஸ்ஐயில் ஆரம்பித்து, திணறினால் 16, பிறகு 15. மேடு ஏறவில்லை என்றால் வேகத்தைக் கூட்டுகிறவர்கள் ஸ்பிரிங்கை உடைத்துக்கொள்கிறார்கள். இரண்டு பிஎஸ்ஐ இறக்கியிருந்தால் நடைவேகத்துக்குச் சற்று மேலேயே ஏறியிருக்கலாம். குறைந்த காற்றில் வேகமாகத் திருப்பாதீர்கள், டயர் ரிம்மை விட்டுக் கழலும்.

லோ ரேஞ்ச் (தாழ்ந்த கியர் வரிசை), அதில் இரண்டாவது அல்லது மூன்றாவது கியர். ஏற்றத்தின் நடுவில் கியர் மாற்றினால் அங்கேயே நின்றுவிடுவீர்கள். வேகத்தை அடியிலேயே எடுத்து, உச்சி நெருங்கும்போது தளர்த்துங்கள். மறுபுறம் தடம் பெரும்பாலும் வளைந்திருக்கும். நின்றுபோனால் சக்கரத்தைச் சுழற்றாமல், ரிவர்ஸ் கியரில் ஏறிய தடத்திலேயே நேராகக் கீழே வாருங்கள். சரிவில் வண்டியைத் திருப்பினால் உருண்டுவிடும்.

புதைந்தால் முதலில் மண்வாரி, பிறகு சக்கரத்துக்கு அடியில் வைக்கும் மீட்புப் பலகை, பிறகுதான் கயிறு. இழுக்கும் கயிற்றை எடை குறிக்கப்பட்ட மீட்புக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டிரெய்லர் இழுக்கும் உருண்டையில் ஒருபோதும் மாட்டாதீர்கள். அது பிய்ந்து குண்டுபோலப் பறந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். கயிறு இழுபடும்போது மற்றவர்கள் கயிற்று நீளத்தைவிடத் தள்ளி நிற்கட்டும்.

அணிவகுப்பில் ஒரு விதி போதும்: பின்னால் வருகிறவரைக் கண்ணாடியில் பார்ப்பது முன்னால் போகிறவரின் பொறுப்பு. அவர் தெரியவில்லை என்றால் நில்லுங்கள்.

8. கெட்டது நடந்தால்

வண்டியை விட்டு நகராதீர்கள். 1963 டிசம்பரில், பேர்ட்ஸ்வில் தடத்தில் பெட்ரோல் தீர்ந்த காரிலிருந்து தண்ணீர் தேடி நடந்த பேஜ் குடும்பத்தார் ஐவரும் தாகத்தில் இறந்தார்கள். விமானத்திலிருந்து பார்த்தால் மனிதர் ஒரு புள்ளிகூட இல்லை, வண்டி தெரியும். நிழல், தண்ணீர், கண்ணாடி, எரிக்க ஒரு டயர் எல்லாம் வண்டியில்தான் இருக்கின்றன. இந்த மண்ணில் வாங்கங்குரு மக்கள் ‘மிக்கிரி’ என்ற ஆழமான கிணறுகளை நம்பி வாழ்ந்தார்கள். அவை எங்கிருக்கின்றன என்ற அறிவு தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்தது. வழிகாட்டி செயலியில் வராது.

பாம்பு கடித்தால்: இப்பகுதியில் இன்லேண்ட் டைபான் உண்டு, உலகிலேயே வீரியமான நஞ்சு கொண்ட பாம்பு. கழுவவோ கீறவோ, கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ முழுவதுமாக அகலமான எலாஸ்டிக் பேண்டேஜால் அழுத்திச் சுற்றி, கட்டை வைத்துக் கட்டி, ஆளை ஓர் அடிகூட நடக்கவிடாமல் படுக்க வையுங்கள். பீக்கனை இயக்குங்கள். (இது ஆஸ்திரேலியப் பாம்புகளுக்கான முறை. நம் ஊர் விரியன் கடிக்கு இந்த அழுத்தக் கட்டைப் பரிந்துரைப்பதில்லை.) ஆளுக்கு இரண்டு பேண்டேஜ் வீதம், எளிதில் எடுக்கும் பையில் வையுங்கள். கிளம்புமுன் குழுவில் எல்லாரும் முதலுதவி வகுப்பு ஒன்றுக்குப் போய்வருவது நல்லது; பைக் ஓட்டிகளுக்கு எலும்பு முறிவுதான் அதிகம் நேரும்.

9. பேர்ட்ஸ்வில் வந்தபின்

முதலில் வீட்டுக்கு அழையுங்கள். இல்லாவிட்டால் மீட்புக் குழு வீணாகக் கிளம்பும். அடுத்து வண்டியின் அடியில் இருக்கும் ஸ்பினிஃபெக்ஸ் முழுவதையும் இழுத்துப் போடுங்கள். ஏர் ஃபில்டரைத் தட்டுங்கள். போல்ட்களின் பெயின்ட் கோடுகளைப் பாருங்கள். இங்கிருந்து தெற்கே மாரி வரை 500 கி.மீ.க்கு மேல் நீளும் பேர்ட்ஸ்வில் தடம் பெரும்பாலும் கல்தரை. அதன் கூர்ங்கற்கள் டயரைக் கிழிப்பதில் பேர்போனவை. 16 பிஎஸ்ஐயோடு அதில் இறங்கினால் இரண்டு உதிரியும் போதாது. ஊரிலேயே காற்றை 30க்கு மேல் ஏற்றிக்கொண்டு, 80 கி.மீ. வேகத்தைத் தாண்டாமல் போங்கள்.